காலித் தோட்டாவும் பித்தளையின் குணமும்

சென்ற மழைக்காலத்தில், ஹைதராபாத்தில் எனக்கு நெடுநாளாகப் பழக்கமான நண்பர் ஒருவர் தம்முடைய பூர்விக வீட்டை இடித்துக் கட்டுவதென்று தீர்மானித்து, அங்கிருந்த சாமான்களைத் தரம் பிரிக்கிற வேலைக்கு என்னையும் துணைக்கு அழைத்திருந்தபோது, மாடிப்படியின் அடியிலிருந்த இருட்டறையிலிருந்து தேக்குப் பெட்டி ஒன்று வெளியே வந்தது. பூட்டு துருவேறிப் போயிருந்ததால் தாழ்ப்பாளையே கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே, மேஜை விளிம்பில் திருகிப் பொருத்தத்தக்க, கைப்பிடியுள்ள சிறிய யந்திரம் ஒன்று. மரப்பிடி போட்ட பித்தளை அளவுக் குவளை ஒன்று. கம்பளியிலிருந்து வட்டமாக நறுக்கப்பட்டுப் பூச்சி அரித்துப்போன வில்லைகள் ஒரு டப்பி நிறைய. இவற்றுக்கு அடியில், பழைய உருதுப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்த பன்னிரண்டு பித்தளை உறைகள். மூலையில் இருந்த அட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்ததும் நண்பர் சட்டென்று மூடிவிட்டார். அதில் காகித உறை போட்ட வெடிக்காத தோட்டாக்கள் நாலைந்து இருந்தன. அவற்றை என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நண்பரின் பாட்டனார் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தவர். காட்டுக்குப் போகும் நாளுக்கு முந்தின இரவு, அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு, விளக்கைத் தூரத்தில் வைத்துவிட்டு, தம் கையாலேயே தோட்டா அடைப்பாராம். அந்த நேரத்தில் வீட்டுக் குழந்தைகள் அந்தத் தாழ்வாரத்தில் ஓடக்கூடக் கூடாது என்பது கட்டளை. பித்தளை உறைகளைக் காட்டி, “எங்கள் வீட்டில் இதற்குக் கோக்கா என்று பெயர்” என்றார் நண்பர். சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் வெடித்து முடிந்த காலி உறைக்கு வழங்கும் பெயர் அது. நான் ஒவ்வோர் உறையாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பெருவிரல் பருமன், பச்சையும் கருப்புமாகக் களிம்பு ஏறியிருந்தது, அடிப்பக்கத்தில் கேப்பு பொருத்துவதற்கான சிறு குழி. பதினொன்று முழுதாக இருந்தன. பன்னிரண்டாவதன் வாய் விளிம்பிலிருந்து, தலைமுடியைப் போல மெல்லிய பிளவு ஒன்று விரற்கடை நீளத்துக்குக் கீழ்நோக்கி ஓடியிருந்தது. ஒருவரும் தட்டவில்லை, மிதிக்கவில்லை. தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்த சாமான். அது எப்படிப் பிளந்தது என்று விசாரித்துக்கொண்டு போனதன் பலனே இந்தக் கட்டுரை.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. முன்னால் குண்டு அல்லது ரவை. அதற்குப் பின்னால் மருந்து. அடியில், ஊசி வந்து இடித்ததும் தீப்பொறி கக்குகிற கேப்பு. இவை மூன்றையும் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டிருக்கிற உறை. சுட்ட மாத்திரத்தில் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்து புகையாகிறது, கேப்பு நசுங்கிச் செத்துப்போகிறது. உறை மாத்திரம் ஏறக்குறைய வந்தபடியே திரும்பி வருகிறது. நான்கில் விலையுயர்ந்ததும், செய்வதற்கு அதிகப் பிரயாசை வேண்டியதும் அதுவே ஆகையால், அதைத் தூர எறிய மனமில்லாதவர்கள் கழுவித் துடைத்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் சேர்த்து மறுபடி உபயோகிக்கத் தொடங்கினார்கள். வெளிநாடுகளில் இன்று பெரியதொரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிற தோட்டா மறுநிரப்புதலின் ஆதி இதுதான்.

நமது தேசத்தில் இந்தப் பித்தளை உறை வருவதற்கு முன்பு இருந்தது காகிதத் தோட்டா. அதனுடைய சரித்திரம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரிய காகிதச் சுருளைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டிக் குண்டை இடித்து இறக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் பூசிய கொழுப்பு பசுவினுடையதென்றும் பன்றியினுடையதென்றும் பரவிய செய்தி 1857இல் வடநாட்டையே பற்றவைத்தது. அதே ஆண்டு ஜூலை 17ஆம் தேதி, துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் முன்னே நிற்க, ஹைதராபாத் மக்கள் திரண்டு கோட்டியிலிருந்த பிரிட்டிஷ் ரெசிடென்சியைத் தாக்கினார்கள். ஒரு சுருள் காகிதத்தைப் பற்றிய சந்தேகம் ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிவைத்த காலம் அது.

இதற்குப் பத்தாண்டுகள் ஆகுமுன்பே காகிதச் சுருளின் இடத்தைப் பித்தளை பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் உல்விச் ஆயுதசாலையைச் சேர்ந்த கர்னல் எட்வர்ட் பாக்ஸர் என்பவர் 1866ஆம் ஆண்டுவாக்கில், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் கேப்பு பொருத்திய தோட்டாவை அமைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஹைரம் பெர்டன் வேறொரு மாதிரிக் கேப்பைக் கண்டுபிடித்தார். இருவர் படைப்புக்கும் ஒரு சிறு வித்தியாசந்தான்: பாக்ஸர் முறையில் உறையின் அடியில் நடுவாக ஒரே துவாரம், பெர்டன் முறையில் ஓரமாக இரண்டு. ஆனால் இந்தச் சிறு வித்தியாசம் எவ்வளவு தூரம் போயிற்றென்றால், நடுவே ஒற்றைத் துவாரம் இருக்கிற உறையிலிருந்து செத்த கேப்பை ஒரு கம்பியினால் தள்ளியே வெளியேற்றிவிடலாம் என்பதால் அது மறு உபயோகத்துக்கு இசைந்ததாயிற்று. இரட்டைத் துவாரமுள்ளதில் அது சிரமம். விசேஷம் என்னவெனில், ஆங்கிலேயரான பாக்ஸரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரான பெர்டனின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டன. வீட்டில் தோட்டா அடைக்கிற பழக்கம் அமெரிக்காவில் இவ்வளவு பரவியதற்கு இந்த ஒற்றைத் துவாரமும் ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

எத்தனையோ உலோகங்கள் இருக்கப் பித்தளையைத் தேர்ந்தது ஏன்? மோட்டார் வண்டியின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோகிராம் அளவு. ரைஃபிள் தோட்டா வெடிக்கும்போது, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்கு, அதே பரப்பின்மேல் 3,500 கிலோகிராம் வரையில் அழுத்தம் ஏறுகிறது. அந்த க்ஷணத்தில் உறை தன் உடலை விரித்துக்கொண்டு குழலின் சுவரோடு சுவராக ஒட்டி, பின்னால் ஒரு துளி வாயுவும் கசியாதபடி அடைத்து, சுடுகிறவனுடைய கண்ணையும் கன்னத்தையும் காப்பாற்றுகிறது. அழுத்தம் தணிந்த மறுகணமே சற்றுச் சுருங்கிச் சுவரை விட்டு விலகி, இழுத்தால் வரும்படி தளர்ந்துகொடுக்கிறது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். ஈயம் விரியும், மீளாது. கடின எஃகு மீளும், ஆனால் போதுமான அளவு விரிந்துகொடுக்காது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையிலே இவ்விரண்டு குணங்களும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. தோட்டாப் பித்தளை என்றே அந்தக் கலவைக்குப் பெயர் வழங்கிவருகிறது.

இந்தப் பித்தளையின் சுபாவத்தை அறிய ரசாயனசாலைக்குப் போக வேண்டியதில்லை. கன்னார் தெருவுக்குப் போனால் போதும். ஹைதராபாத்திலிருந்து வாரங்கல் போகும் வழியில், ஜனகாம் பக்கத்திலே பெம்பர்த்தி என்ற ஊர், பித்தளைத் தகட்டில் உருவங்களைத் தட்டி எழுப்புகிற கைவேலைக்குப் பேர் பெற்றது. அங்கேயாகட்டும், நம் கும்பகோணத்திலாகட்டும், தகட்டு வேலைக்காரர் ஒருவர் அருகில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சுத்தியல் விழ விழத் தகடு முதலில் மெத்தென்று இசைந்துகொடுக்கும். பிறகு சத்தம் மாறும். மந்தமாகக் கேட்ட ஒலி கூர்மையாகிக் கணீரென்று வரும். அவர் உடனே நிறுத்திவிடுவார். தகட்டைத் தீயில் வாட்டி, ஆறவைத்து, அதற்குப் பிறகுதான் மறுபடி தட்டுவார். காரணம் கேட்டால், “தகடு விறைச்சுப் போச்சுங்க, இதுக்கு மேல அடிச்சா கீறல் விட்டுடும்” என்பார். அடிபட அடிபடப் பித்தளை கடினமாகிறது. கடினமாக ஆக, இசையும் தன்மையை இழக்கிறது. தீ ஒன்றுதான் அந்தத் தன்மையை அதற்குத் திருப்பித் தர முடியும்.

நண்பரின் பாட்டனார் உறைகளுக்கும் நேர்ந்தது இதுவே. ஒவ்வொரு முறை சுடும்போதும் உறையின் வாய் விரிகிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அதை அச்சில் நுழைத்துப் பழைய அளவுக்கு ஒடுக்குகிறார்கள். விரிவதும் ஒடுங்குவதும் சுத்தியலடிக்குச் சமானம். பல தடவைக்குப் பின் வாய் விறைத்து, ஒருநாள் முடியிழைபோலப் பிளக்கிறது. அனுபவசாலிகள் இதற்காகவே உறையின் கழுத்தை மாத்திரம் இளஞ்சூட்டில் பதப்படுத்துவார்கள். அடிப்பாகத்தின்மேல் சூடு ஏறவிடுவது பெரும் அபாயம். கழுத்து இளகியிருக்க வேண்டும், அடி விறைப்பாக இருக்க வேண்டும். அடி இளகிப்போன உறை அழுத்தத்தைத் தாங்காமல், சுடுகிறவன் முகத்துக்கு நேராகவே வாயுவைத் திறந்துவிட்டுவிடும். ஒரே துண்டு உலோகத்தில் ஒரு முனை மென்மையாகவும் மறுமுனை வலுவாகவும் இருக்கவேண்டுமென்கிற இந்த நியதி, இந்தத் தொழிலில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம்.

ஆயினும் அந்தப் பிளவுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அது இந்த மண்ணிலேயே, நமது மழைக்காலத்திலேயே முதன்முதலாகப் பரவலாகக் கவனிக்கப்பட்ட ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைகள், மழைக்காலம் பிறந்ததும் படை நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கமாக இருந்தது. மழை ஓய்ந்து பெட்டிகளைத் திறந்தால், ஒருமுறையும் சுடப்படாத புத்தம்புதுத் தோட்டாக்களின் உறைகளில் பிளவு கண்டிருக்கும். முக்கியமாக, குண்டை இறுக்கிப் பிடிக்கிற வாய்ப்பகுதியில் அது அதிகம். பருவம் மாறியபோது தோன்றியதால் இதற்குப் பருவப் பிளவு என்ற கருத்துப்படப் பெயரிட்டார்கள். ஈரமா, உஷ்ணமா, உலோகத்தின் குறையா என்று பலவாறாக விவாதித்தும், உண்மையான காரணம் நெடுங்காலம் பிடிபடாமலே இருந்தது.

1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூன்று விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள். லாயத்தில் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயுதான் ஒரு குற்றவாளி. இன்னொரு குற்றவாளி உறைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. உறை செய்யும் முறையைச் சிறிது தெரிந்துகொண்டால் இது விளங்கும்: பித்தளை வில்லையொன்றைக் கிண்ணம்போலக் குழித்து, அந்தக் கிண்ணத்தை அச்சுகளின் வழியே படிப்படியாக இழுத்து நீட்டி, கடைசியில் வாயைச் சுருக்குகிறார்கள். சூடின்றி இழுக்கப்பட்ட உலோகத்தின் உள்ளே, முறுக்கிவிட்ட கயிற்றில் இருப்பதைப்போன்ற ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் உறை சாதுவாக நிற்கும்; உள்ளே அது பிரிய முயன்றுகொண்டே இருக்கும். அந்த இழுவிசை மாத்திரம் இருந்தால் கெடுதியில்லை; அம்மோனியா மாத்திரம் இருந்தாலும் மேற்பரப்பில் களிம்பேறுவதோடு போயிற்று. இரண்டும் ஓரிடத்தில் கூடும்போது, வாயு உலோகத்தின் மணிகளுக்கு இடையே நுழைந்து வழிகாட்ட, இழுவிசை அந்த வழியாகவே உறையைப் பிளந்துவிடுகிறது. பரிகாரமும் இதிலிருந்தே கிடைத்தது: செய்து முடித்த உறையை மிதமாகச் சூடேற்றினால் உள்ளே தங்கிய விசை தளர்ந்துபோகும். கன்னார் பரம்பரை பரம்பரையாகக் கைக்கொண்டிருந்த அதே தீதான். இன்றும் ராணுவத் தோட்டாக்கள் சிலவற்றின் கழுத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு நிறப்பட்டை தெரிவது, அந்தச் சூடு காட்டப்பட்டதற்கு அடையாளம்.

லாயத்துப் பெட்டியில் ஆரம்பித்த இந்த விசாரணை பிற்காலத்தில் ஒரு பெரிய சாஸ்திரமாகவே விரிந்தது. உள்ளிழுவிசையும் சூழ்நிலையின் ரசாயனமும் சேர்ந்து உலோகத்தைப் பிளக்கும் இந்த நோயைக் கொதிகலன்களிலும் ஆகாய விமானங்களிலும் அணு உலைக் குழாய்களிலும் இன்று உன்னிப்பாகக் கண்காணிக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கு நமது தேசத்தில் ஹைதராபாத்தைப் போன்று பொருத்தமான நகரங்கள் சிலவே. 1963இல் தோன்றிய பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடமும், 1971இல் ஏற்பட்ட அணு எரிபொருள் வளாகமும், 1973இல் நிறுவப்பட்ட மிதானி உலோகத் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கும் மூத்ததாக, பஷீர்பாக்குக்கும் அபிட்ஸுக்கும் நடுவே இன்றும் கன்ஃபவுண்டரி என்ற பெயரோடு ஒரு பேட்டை விளங்குகிறது. உருதுவில் தோப் கா சாஞ்சா, அதாவது பீரங்கி வார்க்கும் அச்சு. இரண்டாம் ஆஸஃப் ஜாவின் சேவையிலிருந்த பிரெஞ்சுத் தளபதி மிஷேல் ரேமோன் 1795இல் பீரங்கி வார்த்த சாலை அங்கே இருந்தது. ரேமோன் 1798 மார்ச்சில் இறந்தார். அந்த அக்டோபரிலேயே அவருடைய பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் நிராயுதமாக்கிவிட்டார்கள். பாமர ஜனங்கள் அவரை மூஸா ராம் என்று தங்கள் நாவுக்கு இசைய அழைத்ததன் ஞாபகமாக மூஸாராம்பாக் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. பஸ்ஸில் கன்ஃபவுண்டரியைக் கடக்கிறபோதெல்லாம், உருகிய உலோகத்தின் வாசனை எனக்கு வருவதாகவே தோன்றும்.

ஹைதராபாத்தில் வேட்டையும் ஒரு ராஜபோகமாக இருந்த காலம் உண்டு. 1869 முதல் 1911 வரை ஆண்ட ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கான் குறி தவறாத வேட்டைக்காரரென்று பெயரெடுத்தவர். அவருடைய வேட்டை முகாம்களை ராஜா தீன் தயாள் எடுத்த புகைப்படங்களில் இன்றும் காணலாம். அரசர் சுட்ட உறைகளைப் பொறுக்க வேண்டிய அவசியம் அரசருக்கு இல்லை. அவரைப் பார்த்து ஆசைகொண்ட ஜாகீர்தார்களும் உத்தியோகஸ்தர்களும்தான் சீமையிலிருந்து கப்பலேறி வந்த தோட்டாவின் விலையை எண்ணிப் பார்த்து, உறையைச் சேர்த்துவைத்துத் தம் மேஜையிலேயே அடைத்துக்கொண்டவர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அது நல்ல காரியம் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

அமெரிக்காவில் வீட்டில் தோட்டா அடைக்கிற பழக்கம் வேறு பாதையில் வளர்ந்தது. இரண்டாவது மகாயுத்த காலத்தில், 1943இல், கலிபோர்னியாவிலுள்ள ஓரோவில் என்ற சிற்றூரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் அச்சு யந்திரங்கள் அங்கே எத்தனையோ வீட்டுப் பட்டறைகளில் இடம்பெற்றுவிட்டன. குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டவர்கள் மாலை வேளைகளில் அந்தப் பட்டறையில் அமர்ந்து பொறுமையோடு வேலை செய்கிறார்கள். சிக்கனம் ஒரு காரணம். ஒவ்வொரு தோட்டாவும் அடுத்ததைப்போலவே அச்சாக இருக்கவேண்டுமென்ற ஆசை அதைவிடப் பெரிய காரணம். மருந்தை அவர்கள் கிரெய்ன் என்ற அளவால் நிறுக்கிறார்கள். நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் எடை இருக்கும். ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு கூடுவதும் குறைவதும் அவர்களுக்குக் கணக்கு.

இந்த வேலையின் பெரும்பகுதி நிரப்புவதில் இல்லை, பரிசோதிப்பதில்தான் இருக்கிறது. உறையைக் கழுவி உலர்த்தி, ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருட்டி, வாயில் பிளவு இருக்கிறதா, அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த வளையம் தெரிந்தால், சுவர் உள்ளே மெலிந்துவிட்டது, அடுத்த வெடியில் உறை இரண்டாகத் துண்டுபடலாம் என்று பொருள். சுடச்சுடப் பித்தளை முன்னோக்கி நகர்ந்து கழுத்து நீள்கிறது. நீண்டதை அளந்து வெட்டுகிறார்கள். சந்தேகத்துக்குரிய உறையை நெளித்துக் குப்பையில் போடுவதற்குத் தயங்காதவனே அங்கே நல்ல கைக்காரனாக மதிக்கப்படுகிறான். மருந்தின் அளவில் ஊகத்துக்கு இடமேயில்லை. மருந்து செய்தவர்கள் பரீட்சித்து அச்சிட்ட அட்டவணையை விட்டு அவன் ஓர் இழையும் விலகுவதில்லை. வேலை நடக்கும்போது பேச்சில்லை, புகையில்லை, வேறு சிந்தனையில்லை. முடிந்ததும் கையைக் கழுவாமல் உணவில் கைவைப்பதில்லை. ஈயம் உடம்பில் சேர்ந்தால் வெளியேறுவது கஷ்டம்.

இவ்வளவும் படித்த வாசகருக்கு, இதை நாமும் வீட்டில் செய்து பார்க்கலாமா என்ற எண்ணம் எழலாம். கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குக் கொடுத்துள்ள வரையறை, தோட்டாவின் பாகங்களையும் அவற்றைச் செய்யும் யந்திரங்களையும்கூடத் தன்னுள் அடக்கியது; உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை அதன் ஐந்தாவது பிரிவு தடுக்கிறது; 2019இல் வந்த திருத்தத்தின்படி தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறைவாசம், ஆயுள் வரையிலும் நீளலாம். இந்தக் கடுமையை நான் நியாயமென்றே கருதுகிறேன். நெருக்கமாக வீடுகள் அமைந்து, ஒரு சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கிற நம் ஊர்களில், ஒரு மேஜையில் நேரும் பிழை அந்த மேஜையோடு நிற்காது.

நமது துப்பாக்கி வீரர்கள் இந்தத் தடையால் பெரிதாக இழந்ததுமில்லை. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது காற்றழுத்த ரைஃபிளில். அதற்கு மருந்துமில்லை, பித்தளையுமில்லை, சிறு ஈயக்குண்டு மாத்திரமே. இதே நகரத்துப் பெண் ஈஷா சிங், 2018இல் 13 வயதில் தேசியப் பட்டம் பெற்று, 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசியப் போட்டியில் 25 மீட்டர் பிஸ்டலில் அணியாகத் தங்கமும் தனியாக வெள்ளியும் கொண்டுவந்தார். அந்தப் பிஸ்டலுக்குரிய பாயிண்ட் 22 தோட்டாவில் கேப்பு தனியாக இல்லை. தீப்பொறி தரும் பொருள் உறையின் விளிம்புக்குள்ளேயே தடவப்பட்டிருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடுவதால் மறுபடி நிரப்புவதற்கு வழியே கிடையாது. அதே ஹாங்ஜோவில், ஹைதராபாத்தைச் சேர்ந்த கினன் செனாயும், நம் புதுக்கோட்டை அரச வம்சத்துப் பிருதிவிராஜ் தொண்டைமானும், ஜோராவர் சிங் சந்துவும் சேர்ந்து ட்ராப் அணிப் போட்டியில் தங்கம் வென்றார்கள். நண்பர் வீட்டுப் பெட்டியிலிருந்த அதே பன்னிரண்டு போர் வகைதான் அவர்கள் கைத் துப்பாக்கியும். ஆனால் இன்றைய தோட்டாவின் உடல் பிளாஸ்டிக், அடியில் மாத்திரம் உலோகத் தொப்பி, உள்ளே 24 கிராம் ரவை. கச்சிபௌலியில் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள சுடுதளத்தில் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு, பித்தளை உறையைத் தீயில் வாட்டிய பாட்டனார்கள் கதை வெறும் கதையாகத்தான் இருக்கும்.

இனி அந்த அட்டைப் பெட்டி. நண்பர் அதை அசைக்காமல், அறையைப் பூட்டிவிட்டுப் பேட்டைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் போய்ச் சொன்னார். மறுநாள் காலை இரண்டு பேர் வந்து, பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தோட்டாக்களையும் அந்த யந்திரத்தையும் அளவுக் குவளையையும் பித்தளை உறைகளையும் எடுத்துச் சென்றார்கள். பிளந்த உறையை மாத்திரமாவது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று நண்பர் கேட்டார், கூடாதென்று சொன்னார்கள், அவரும் மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டார்.

பழைய வீடுகளில், பரணிலோ பூட்டிய அலமாரியிலோ, இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் இருக்கக்கூடும். உரிமம் பெற்றிருந்தவர் காலமானபின் ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டுமென்று அதே ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லுகிறது. பழைய மருந்து செத்துப்போயிருக்கும் என்று எண்ணி அதைத் திறக்கவோ, நெருப்பிலோ கிணற்றிலோ எறியவோ, பழைய பித்தளைக்காரரிடம் எடை போடவோ வேண்டாம். உங்கள் வீட்டில் அப்படியொன்று அகப்பட்டால், குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, இருந்த இடத்திலேயே அதை விட்டு, ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்.